சிறு நாய்க்கு அளவான தீனி

செலண்டார் வட்டாரத் தோட்ட வீட்டில் வளரும் சிறு நாய்க்குக் காலையில் ரொட்டி, பகலில் மீந்த சோறு, மாலையில் பிள்ளைகள் போடும் முறுக்கு. ஆளுக்கு ஒரு கை போட்டால் கொழுக்காமல் என்ன செய்யும்?

விலாவைத் தடவுங்கள், எலும்பு கைக்குத் தட்டுப்படாவிட்டால் எடை மிகுதி. 5 கிலோ நாய்க்கு 1 கிலோ கூடுவது, 60 கிலோ மனிதருக்கு 12 கிலோ கூடுவதற்குச் சமம். மூட்டும் மூச்சும் தாங்கா.

அதற்காகப் பட்டினி போடாதீர்கள். வீட்டில் ஒருவரே, ஒரே குவளையால் அளந்து இருவேளை போடட்டும். சோற்றைக் குறைத்து, உப்பும் வெங்காயமும் சேராமல் அவித்த பூசணியும் தோல் நீக்கிய கோழிக்கறியும் சேருங்கள். எலும்பு வேண்டாம்.

நாயைத் தூக்கிக்கொண்டு நிறுவையில் ஏறுங்கள். உங்கள் எடையைக் கழியுங்கள். 6 கிலோ நாய் மாதம் கால் கிலோ குறைந்தால் நல்லது. இரண்டு மாதமாகியும் குறையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.