கைம்மாறு கருதாத வேலை – 9: அறிவொளி வந்த ராத்திரிகள்

எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்ட கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். கேரளத்தில் அது நடந்ததில் என்ன வியப்பு என்று கேட்டவர்கள் உண்டு. ஏற்கெனவே பள்ளிக்கூடமும் வாசகசாலையும் நிறைந்த மண் அது. ஆண்டுக்கு ஒரு மழையை நம்பிக் கிடக்கிற மாவட்டத்தில், கூலி வேலைக்குப் போய்த் திரும்புகிற பெண்களிடம் இது பலிக்குமா? அதற்குப் பதில் சொன்னது புதுக்கோட்டை.

சமஸ்தானமாக இருந்து 1948-இல் இந்தியாவோடு இணைந்து, 1974-இல் தனி மாவட்டமான பூமி அது. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் கல்குவாரி, சித்தாள் வேலை, செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டும் வேலை. 1991 கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். நாட்டுக்கே இந்த நிலை என்றால் குவாரியில் கல் உடைத்த பெண்ணின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆண்டுதான் அங்கே, பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார், பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், நாடகக் கலைஞர்கள் எல்லோரும் ஒரே மேடைக்கு வந்தார்கள். அரசாங்கப் பணம் சிலேட்டுக்கும் பாடப் புத்தகத்துக்கும் பயிற்சிக்கும் போனது. பாடம் சொல்லிக் கொடுக்கிறவருக்குச் சம்பளம் கிடையாது. ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒரு தொண்டர் என்பது கணக்கு. ஒரு மாவட்டம் முழுக்க எழுத்தறியாதவர்களை எண்ணி, பத்தால் வகுத்துப் பாருங்கள். அத்தனை ஆயிரம் பேர் மாதக்கணக்கில் தினமும் மாலை நேரத்தை இனாமாகத் தர வேண்டும். இப்படி ஒரு திட்டத்தைக் காகிதத்தில் எழுதவே துணிச்சல் வேண்டும்.

ஆள் எப்படிக் கிடைத்தது? முதலில் கலைக்குழு போனது. பறை முழங்க, ஊர் மந்தையில் வீதி நாடகம் நடக்கும். எழுத்துத் தெரியாமல் கைநாட்டு வைத்து ஏமாந்தவன் கதை, பஸ்ஸின் பெயர்ப் பலகை படிக்கத் தெரியாமல் தவிக்கிறவள் கதை. எல்லாம் பார்க்கிறவர்களின் சொந்தக் கதைகள். அப்படிக் கூடிய கூட்டத்திலிருந்துதான் சொல்லிக் கொடுக்கிறவர்களும் வந்தார்கள். வெளியூரிலிருந்து யாரும் இறக்கப்படவில்லை. அதே தெருவில் பத்தாவது படித்துவிட்டு, அல்லது பத்தாவதில் தவறிவிட்டு வீட்டில் இருந்த பெண்கள்தான் பெரும் பகுதி.

வகுப்பு என்பது எட்டு மணி சுமாருக்கு, உலை வைத்து, சோறு போட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு. தெருவிளக்கு இருந்தால் அதன் அடியில். இல்லாவிட்டால் அரிக்கேன் விளக்கு, யார் வீட்டுத் திண்ணையாவது. களை எடுத்த கை, சம்மட்டி பிடித்த கை. பலப்பத்தை அந்தக் கை பிடிக்கிற விதமே வேறு. காய்ப்புக் காய்த்த விரலுக்கு அந்தச் சின்னப் பொருளின் எடையே தெரியாது. அழுத்தினால் உடைந்துவிடும், லேசாகப் பிடித்தால் நழுவிவிடும். முதல் சில வாரம் பாடம் என்பதே விரலைப் பழக்குவதுதான். ஒரு ‘ட’ போடக் கற்கிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஒரு ஆள் வேண்டும். எந்தச் சம்பள விகிதத்திலும் அந்தப் பொறுமைக்கு இடமில்லை. பக்கத்து வீட்டுப் பெண் என்பதால்தான் அது முடிந்தது.

பாடமும் ‘அணில், ஆடு’ என்று தொடங்கவில்லை. முதல் பாடத்திலேயே ‘பட்டா’ வந்துவிடும். நிலம் யாருடையது, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பேச்சு எழும். பேசி முடித்தபின் எழுத்து. குழந்தையிடம் சொல்வதைப் போல நாற்பது வயதுக்காரியிடம் சொன்னால் மறுநாள் அவள் வர மாட்டாள் என்பதை அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

தேர்ச்சிக்கு அளவுகோலும் இருந்தது. தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்தது: நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டு வாசிக்க வேண்டும், ஏழு சொல் பார்த்து எழுத வேண்டும், சொல்லச் சொல்ல ஐந்து சொல் எழுத வேண்டும். மூன்று புத்தகம், ஒவ்வொன்றின் உள்ளேயே தேர்வு. நிமிடத்துக்கு ஐந்து சொல் என்பது நமக்கு அற்பமாகத் தோன்றலாம். கையெழுத்தே போடாதவர் அங்கே வந்து சேர எத்தனை ராத்திரி ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் அதன் பெறுமானம் விளங்கும்.

இனி சைக்கிள். அறிவொளி என்றதும் புதுக்கோட்டைக்காரர்கள் முதலில் சொல்வது இதைத்தான். ஊர் ஊராகப் போய் வகுப்புகளைப் பார்க்க வேண்டிய பெண்களுக்குப் பஸ் கிடையாது. இருந்தாலும் நேரத்துக்கு வராது. அண்ணனோ கணவனோ கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. தொண்டு செய்ய வந்தவளே இன்னொருவர் தயவில் நிற்க வேண்டிய நிலை. ஆகவே எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொள்வது இயக்கத்தின் பாடமானது. ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி முகாம். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஆட்சியர் ஏற்பாடு செய்தார். லேடீஸ் சைக்கிள் கடைகளில் கையிருப்பு தீர்ந்தபோது பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கண்டுபிடித்த வசதி. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் வந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். காது கூசும் பேச்சுகளை அவர்கள் கேட்க நேர்ந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். ஆசிரியை, அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர், குவாரித் தொழிலாளி எல்லோரும் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஓட்டினார்கள். தண்ணீர்க் குடமும் விளைபொருளும் சைக்கிளில் ஏறின. குவாரிப் பெண்களின் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுக்கும் ஏற்பாடும் இதே காலத்தில்தான் நடந்தது.

எழுத்தறிவுத் திட்டம் ஒன்று எழுத்தைத் தாண்டி இவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் அதன் தொண்டர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். சம்பளத்துக்கு வந்தவர் பாடத்தை முடிப்பார். அதில் தவறில்லை, அதுவே அவர் வேலை. இவர்கள் அந்தத் தெருவிலேயே வாழ்ந்தவர்கள். ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனாலும், குவாரியில் கூலி குறைந்தாலும் அது அடுத்த நாள் வகுப்பின் பேச்சு. மனு எழுதக் கற்றுக்கொடுத்தவளே கூட நடந்து அலுவலகம் வரை போனாள். வீட்டில் ‘ஃபெயிலானவள்’ என்று பெயர் எடுத்திருந்த பெண்ணைத் தாய் வயதுள்ளவர்கள் ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்து அறிவொளி அனுபவங்களை எழுத்தாளர் ச.தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ நூலில் எழுதியிருக்கிறார். தொண்டர்களின் மனம் எப்படியெல்லாம் மலர்ந்தது, எங்கெல்லாம் உடைந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல்.

1992-இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. விழா நடந்தது. அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

புதிதாகக் கற்ற எழுத்து, பயன்படுத்தாவிட்டால் மறந்துபோகும். பெரிய எழுத்தில் புத்தகம், சுவரொட்டி, வாசிக்க ஓர் இடம் எல்லாம் தொடர்ந்து வேண்டும். இது தெரியாமல் இல்லை; ‘வளர்கல்வி’ என்று அடுத்த கட்டம் வகுக்கவும் செய்தார்கள். ஆனால் இயக்கம் என்பது மெல்ல மெல்லத் திட்டம் ஆனது. மையங்கள், பதிவேடுகள், சொற்ப மதிப்பூதியத்தில் ஒரு பொறுப்பாளர். ஆயிரக்கணக்கான தொண்டர்களுக்கு ஒரு சான்றிதழும் கைதட்டலும் கிடைத்தன. “இனி நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?” என்று அவர்களிடம் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். வாசகசாலைகளை அவர்கள் பொறுப்பில் விட்டிருக்கலாம், சுகாதார வேலையில் சேர்த்திருக்கலாம், பள்ளி மேலாண்மையில் அவர்களுக்கு இடம் கொடுத்திருக்கலாம். அழைக்கத் தெரிந்த அரசுக்கு, அழைத்தவர்களைத் தக்கவைத்துக்கொள்ளும் வழி தெரியவில்லை. கற்றவர்களில் கணிசமானோர் கையெழுத்தோடு நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கொரோனா கால இழப்பை ஈடுகட்ட 2021-இல் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது மாலை வகுப்பும், அதே தெருப் பெண்ணும் திரும்ப வந்தார்கள். இம்முறை மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை இருந்தது. பணம் கொடுத்தது சரியே; பெண்களின் உழைப்பை இனாம் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சுரண்டல் ஒளிந்திருக்கிறது, அறிவொளிக் காலத்திலும் அது இருந்தது. ஆனால் 1991-இல் மந்தையில் நாடகம் பார்த்துவிட்டு ஊரே பொறுப்பேற்றுக்கொண்டது போன்ற ஒன்று இம்முறை நடந்ததா என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஒரு மாலை வகுப்பை நடத்தியவர் இருந்தால், அவர் இப்போது என்ன செய்கிறார் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

அடுத்த வாரம்: கண்மாய்க் கரையில் ஊரே கூடி மண் அள்ளிய குடிமராமத்து.

(தொடரும்)