வட்டிக் கணக்கு யார் கையில்?

"பத்து வட்டிக்கு வாங்கியிருக்கேன்" என்று சொல்லும்போதே அன்று குரல் தாழ்ந்துவிடும். நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய்; ஆண்டுக்கு 120 சதவீதம். அப்படிப் பெருக்கிப் பார்க்க வாங்கியவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விதைப்புக்கும் பிரசவத்துக்கும் கடன் கிடைத்ததே பெரிது. கணக்கு நோட்டு கொடுத்தவரிடம் இருந்தது. வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவரிடம் எதுவுமில்லை. கட்டியதெல்லாம் வட்டிக்குப் போனதா, அசலில் கழிந்ததா? இன்னும் எவ்வளவு பாக்கி? கடனைவிட இந்தத் தெரியாமைதான் தூக்கத்தைக் கெடுத்தது.

தண்டலில் கணக்கு இன்னும் மறைவானது. பத்தாயிரம் என்று பேசி, 1,500 ரூபாயை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், நூறு நாள். "பதினஞ்சுதானே பிடிக்கிறாங்க" என்று தோன்றும். ஆனால் வாங்கிய பணம் மறுநாளே கரையத் தொடங்குகிறது, நூறு நாளில் முடிந்தும்விடுகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இதுவும் ஏறக்குறைய 120 சதவீதம்தான்.

தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு நோட்டு கைமாறத் தொடங்கியது தருமபுரியில். 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் அங்கே மகளிர் சுய உதவிக் குழுக்கள் உருவாயின. 1992இல் இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை நபார்டு வங்கி தொடங்கியது. பத்திலிருந்து இருபது பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து, யார் எவ்வளவு சேமித்தார், யாருக்குக் கடன், எத்தனை தவணை பாக்கி என்று எல்லார் முன்னாலும் வாசித்து எழுதினார்கள். குழுவுக்குள் கட்டிய வட்டி குழுவுக்கே வந்து சேர்ந்தது. பாக்கி எவ்வளவு என்று தெரிந்தவருக்கு, அது என்றைக்கு முடியும் என்பதும் தெரிந்தது. பயத்தில் பாதி அங்கேயே விலகியது. 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டமும் வந்தது.

இன்று கடன் செல்போனுக்குள் வந்துவிட்டது. ஆதார், பான் எண் கொடுத்தால் சில நிமிடங்களில் பணம். கூடவே பழைய இருட்டும். "பிராசசிங் ஃபீஸ்" என்று முன்பிடித்தம். "12 சதவீதம்தான்" என்று ஃபிளாட் வட்டி; அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு அசலுக்கே. ஒரு லட்சம் வாங்கி, பன்னிரண்டு மாதம் 9,333 ரூபாய் வீதம் கட்டினால் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். தண்டல்காரரின் அதே கணக்கு, இப்போது திரையில்.

வேறுபாடு ஒன்று உண்டு: இன்று கேட்டுப் பெறும் உரிமை இருக்கிறது. 2024 அக்டோபர் முதல், வங்கியோ நிதி நிறுவனமோ தனிநபருக்குத் தரும் தவணைக் கடனுக்கு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். கடன் செயலிகள் நம் போனிலுள்ள தொடர்பு எண்களை எடுக்கக் கூடாது. வசூலுக்கு அழைப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது.

கணக்குத் தெரிந்தால் மட்டும் கூலி உயர்ந்துவிடாது. பற்றாக்குறைக்கு வருமானம்தான் மருந்து. ஆனால் எந்தக் கடனைத் தொடக் கூடாது, எதை முதலில் அடைக்க வேண்டும், எந்த மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம் என்பதைக் கணக்குத்தான் சொல்லும். ஆகவே குழுக் கூட்டங்களில் சேமிப்பு நோட்டோடு செல்போன் கடன்களின் விவரத்தையும் உரக்கப் படிக்க வேண்டும். "ஆண்டுக்கு எத்தனை சதவீதம்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் கடன் வாங்காதீர்கள்.