முகத்தில் மனிதக் கடி: மறைத்தால் இழப்பு காயப்பட்டவருக்கே

திருகோணமலையில் எங்கள் அயலில் ஒரு பெண் மூன்று நாட்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார். கேட்டவர்களிடம் "படியில விழுந்திட்டன்" என்றார். நான்காம் நாள் முகம் வீங்கிக் காய்ச்சல் வந்த பிறகுதான் வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றோம். அது விழுந்த காயம் அல்ல, கணவன் கடித்த காயம். கீழுதட்டில் ஒரு துண்டு இல்லை.

சோதனைச்சாவடியில் உடம்பிலுள்ள ஒரு தழும்புக்கே பதில் சொல்லவேண்டியிருந்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். காயத்தை மறைப்பது எங்களுக்குப் பழகிப்போனது. ஆனால் முகத்தில் பட்ட கடிகாயத்தை மறைத்தால் முகத்தையே இழக்க நேரலாம்.

மனித உமிழ்நீரில் பலவகைக் கிருமிகள் உள்ளன. பல் பதிந்த இடத்தில் அவை ஆழமாக இறங்குகின்றன. காது, மூக்கு ஆகியவற்றின் குருத்தெலும்புக்கு நேரடி இரத்த ஓட்டம் இல்லாததால், அங்கு கிருமி தொற்றினால் அது அழுகிச் சுருங்கிவிடும்.

கடிபட்டவுடன் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவவேண்டும். கோப்பித்தூள், மஞ்சள், பற்பசை எதையும் பூசக்கூடாது. துண்டு கழன்றிருந்தால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். மீன்பெட்டி ஐஸில் நேரடியாகப் போட்டால் தசை உறைந்து பயனற்றுப் போகும். மூதூர், குச்சவெளி போன்ற இடங்களிலிருந்தும் 1990 இலவச அம்புலன்ஸை அழைக்கலாம்.

கையில் கடிபட்டால் பெரும்பாலும் காயத்தைத் தைக்காமல் திறந்தே விடுவார்கள். முகத்தில் இரத்த ஓட்டம் அதிகம். ஆகவே நேரத்தோடு வந்தால், நன்கு கழுவி, இறந்த தசையை அகற்றி, உடனேயே தைக்க முடியும். நுண்ணுயிர்கொல்லி மருந்தும் ஏற்புவலித் தடுப்பூசியும் தருவார்கள். கடித்தவரின் இரத்தத்தால் பரவக்கூடிய ஈரல் அழற்சி போன்ற நோய்களையும் கவனத்தில் எடுப்பார்கள்.

உதட்டில் மூன்றில் ஒரு பங்குவரை போயிருந்தால் இரு ஓரங்களையும் இழுத்துத் தைக்கலாம். அதைவிடக் கூடினால் மற்ற உதட்டிலிருந்து ஒரு பகுதியை இரத்தக்குழாயோடு திருப்பிப் பொருத்தி, இரண்டு மூன்று வாரங்களின் பின் இணைப்பை வெட்டுவார்கள். காதுக்கு விலா எலும்பின் குருத்தெலும்பு உதவும். மூக்குக்கு நெற்றித் தோல் உதவும்.

நெற்றித் தோலால் மூக்கு அமைப்பது எங்கள் பிராந்தியத்தின் பழைய வித்தை. 1792 மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படையின் மாட்டுவண்டிக்காரரான கவஸ்ஜி சிறைப்பட்டு மூக்கு அறுக்கப்பட்டார். புனே அருகே அவருக்குப் புது மூக்கு அமைக்கப்பட்ட செய்தி 1794இல் லண்டன் இதழொன்றில் வந்தது. அதன் பின்னரே ஐரோப்பிய வைத்தியர்கள் அந்த முறையைக் கையில் எடுத்தார்கள்.

வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். விழுந்த காயம் என்றால் சிகிச்சையும் அதற்கேற்பவே அமையும், சட்ட வைத்திய அறிக்கையும் பிழைத்துவிடும். முகத்தை நிரந்தரமாக விகாரப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவின்படி கடுங்காயம். வீட்டுக்குள் நடந்ததென்றால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். மகளிர் உதவிக்கு 1938 என்ற இலக்கம் உண்டு.

அந்தப் பெண்ணின் காயத்தை, சீழ் வற்றும்வரை வைத்தியர்களால் தைக்க முடியவில்லை. முதல் நாளே வந்திருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும். பிறகு இரண்டு சத்திரசிகிச்சைகள் தேவைப்பட்டன. இப்போது சந்தைக்கு முந்தானையால் வாயை மூடாமல் வருகிறார்.