காலையில் நிற்கும், மத்தியானம் ஓடும்

அடியோடு நின்றுபோன இயந்திரத்தைத் திருத்துவது அவ்வளவு கஷ்டமில்லை. எரிந்த பியூஸ், அறுந்த பெல்ட், கருகிய மோட்டர் என்று காரணம் கையில் அகப்பட்டுவிடும். ஆளை அலைக்கழிப்பது விட்டு விட்டு வரும் கோளாறுதான். கணினி இயக்கும் சீ.என்.சி. லேத்தில் இது பெரும் தலையிடி. காலையில் அலாரம் காட்டி நின்ற லேத், திருத்துபவர் வந்து சேரும்போது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். அவரும் சந்தேகத்தில் ஒரு பாகத்தை மாற்றிவிட்டுப் போவார். இரண்டு நாள் கழித்து அதே அலாரம் வரும்.

இப்படிப்பட்ட கோளாறு தான்தோன்றித்தனமாக வருவதுபோலத் தெரியும். உண்மையில் அது வருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஈரமோ, சூடோ, அதிர்வோ, பக்கத்து மெசினோ, ஏதோ ஒன்று சேரும்போதுதான் அது தலைகாட்டும். அந்த ஒன்றைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நேரம்.

பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் அபெர்ஹோசன் என்றொரு கிராமம். அங்கே 18 மாதங்களாக ஒவ்வொரு நாள் காலையிலும் ஊர் முழுக்க இணையம் குழம்பிக்கொண்டிருந்தது. கேபிள்களையே மாற்றிப் பார்த்தார்கள், பலனில்லை. கடைசியில் பொறியியலாளர்கள் அலைமானியுடன் விடியற்காலையில் மழைக்குள் தெருத் தெருவாக நடந்தார்கள். சரியாக 7 மணிக்கு ஒரு வீட்டிலிருந்து மின் இரைச்சல் கிளம்பியது. அங்கே ஒருவர் தினமும் அந்த நேரத்தில் போடும் பழைய தொலைக்காட்சிப் பெட்டிதான் காரணம். 2020இல் இந்தச் செய்தி வெளியானது. கேபிள் மாற்றியதால் கிடைக்காத விடை, கோளாறு வரும் நேரத்தில் போய் நின்றதால் கிடைத்தது.

லேத்துக்கும் இதே விதிதான். வெட்டும் கருவியை நகர்த்தும் சேர்வோ மோட்டரின் பின்புறத்தில் என்கோடர் என்ற உணரி இருக்கும். தண்டு எவ்வளவு சுழன்றது என்பதை அது மின் துடிப்புகளாகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்பும். ஒரு சுற்றுக்கு 10,000 துடிப்பு, ஒரு சுற்றில் கருவி நகரும் தூரம் 10 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஒரு துடிப்பு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெல்லிய கேபிளில் ஒரு வயர் கணநேரம் விட்டுப்போனாலும் கணக்குப் பிசகும். உடனே அலாரம்.

எப்போது பிசகுகிறது என்பதைக் கவனித்தால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும். கருவி ஒரே இடத்துக்கு வரும்போதெல்லாம் நின்றால் கேபிளைப் பார்க்க வேண்டும். ஓயாமல் வளைந்து நிமிரும் கேபிளின் உறை புதிதுபோல இருக்கும், உள்ளே செம்பிழை அறுந்திருக்கும். ஓடத் தொடங்கி ஒரு மணித்தியாலம் கழித்து நின்றால் வெடித்த ஈயப் பற்றோ, சுழலாத விசிறியோ காரணமாகலாம். சுழல் தண்டு வேகமெடுக்கும் கணத்தில் நின்றால் தளர்ந்த திருகையும் மின் அழுத்த வீழ்ச்சியையும் சோதிக்க வேண்டும். பக்கத்தில் வெல்டிங் நடக்கும்போது மட்டும் நின்றால் ஏர்த் இணைப்பைப் பார்க்க வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக் கரையில் இன்னொரு காரணமும் உண்டு: உப்பு. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய எழுவான்கரை நிலத்தில் இருக்கின்றன. அலை உடையும்போது கிளம்பும் நுண் துளிகள் காற்றோடு வந்து எங்கும் உப்பாகப் படிகின்றன. உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், சோடியம் குளோரைட்டு காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானாகவே கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். மாரி காலத்தில் அடுப்படி உப்புச் சிரட்டை கசிவதும் இதனால்தான்.

அந்த ஈரப் படலம் மின்சுற்றுப் பலகையில் இரண்டு ஊசிகளுக்கு நடுவே படர்ந்தால் சிறு மின்னோட்டம் கசியும்; கட்டுப்பாட்டுப் பெட்டி பொய்ச் சமிக்ஞையை மெய்யென்று நம்பும். வெயிலேறி, பெட்டியும் சூடானதும் படலம் வற்றும், கோளாறும் போய்விடும். கச்சான் வீசும் மாதங்களில் காணாமல்போய், மாரி பிடித்ததும் திரும்பி வரும் அலாரத்துக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பெட்டி சூடாகிறதென்று கதவைத் திறந்து மேசை விசிறியைப் பிடித்துவிடும் வழக்கம் உப்பை நேரே உள்ளே ஊதுகிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள காற்று, 26 பாகைப் பொருளில் பட்டாலே நீராகப் படியும். குளிரூட்டியால் 24 பாகைக்கு இறங்கிய பெட்டியைத் திறந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

திருத்துபவரை ஏமாற்றும் விடயங்கள் இரண்டு. ஒன்று, கனெக்டரைக் கழற்றி மாட்டியதும் இயந்திரம் ஓடுவது. ஊசிகள் உரசிக் களிம்பு விலகியதுதான் நடந்தது. பலகையை மாற்றியதால் சரியாயிற்று என்று நாம் நினைப்பதும் பல வேளைகளில் இதுவே. மற்றது, மல்டிமீற்றரின் 'பீப்' ஒலி. 20 ஓம் தடையுள்ள கெட்ட இணைப்பிலும் பல மீற்றர்கள் ஒலிக்கும். 24 வோல்ற்றில் 2 அம்பியர் இழுக்கும் பிரேக் சுருள் அந்த இணைப்பு வழியே மின் பெற்றால், அதற்குக் கிடைப்பது 9 வோல்ற்று மட்டுமே. ஆகவே இணைப்பை அது சுமை தாங்கும்போது அளக்க வேண்டும்.

கோளாறை நாமாகவே வரவழைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. கேபிளை அசைத்துப் பார்க்கலாம். சந்தேகப்படும் இடத்தை மெல்லச் சூடாக்கலாம். பெட்டிக்குள் கை வைக்கும் முன் மெயினை நிறுத்தினால் மட்டும் போதாது. மோட்டரை இயக்கும் டிரைவின் மின்தேக்கிகள் அதன் பிறகும் உயிர்குடிக்கும் மின்னேற்றத்தை வைத்திருக்கும். உறையில் எழுதியுள்ள நேரம் காத்திருந்து, அளந்து பார்த்த பிறகே தொட வேண்டும். உப்புப் படிந்த பலகையைத் தனி மதுசாரத்தால் துடைப்பதில் பயன் குறைவு, உப்பு அதில் அவ்வளவாகக் கரையாது. வடிநீர் கலந்த ஐசோபுரோப்பைல் மதுசாரத்தால் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். கதவின் ரப்பர் ஓரத்தைப் புதுப்பிப்பதும், இரவில் பெட்டிக்குள் சிறு சூடாக்கியை வைப்பதும் நல்ல காவல்.

எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. லேத்துக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியைத் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நேரம், அலாரம் இலக்கம், கருவி நின்ற இடம், மழையா வெயிலா, பக்கத்தில் என்ன ஓடியது என்பதை இயக்குபவரே எழுதட்டும். அந்தப் பக்கங்களைப் படித்துப் பார்க்காமல் விலையுயர்ந்த பலகை ஒன்றுக்கும் ஓடர் கொடுக்காதீர்கள்.