கழுத்துச் சுரப்பி – 9: பாத் நகரத்து கிரேஸ்

சென்ற வாரம் டி.எஸ்.எச். பரிசோதனை. தைராய்டு மிகுந்தால் அந்த எண் இறங்கும் என்பது நினைவிருந்தால் போதும். பாலூட்டும் தாய் தைராய்டைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடலாமா என்பது இந்த வாரக் கேள்வி. அதற்குமுன் கிரேஸைப் பார்த்துவிடலாம்.

1786 ஆகஸ்ட், இங்கிலாந்தின் பாத் நகரம். மருத்துவர் கேலப் பாரியிடம் வந்த கிரேஸுக்கு வயது 37, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 156. ஒவ்வொரு துடிப்புக்கும் மார்பே அதிர்ந்தது. பாரி துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். படபடப்பு, ஆறு ஆண்டுகளுக்குமுன் பேறுகாலத்தில் வந்த காய்ச்சலைத் தொடர்ந்து ஆரம்பித்தது. கழுத்துக் கட்டியோ, ஒரு பிரசவமாகி மூன்று மாதம் போல ஆனபோது, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில் அக்ரூட் அளவில் தட்டுப்பட்டது. பாரி 1822-இல் இறந்தார். குறிப்புகளை 1825-இல் மகன் அச்சிட்டார். கழுத்து வீங்கி, தைராய்டு மிகுந்து, படபடக்கும் இந்த நோயைப் பற்றி மருத்துவர் கிரேவ்ஸ் பேசியது 1835-இல், மருத்துவர் பாஸடோ எழுதியது 1840-இல். நோய்க்கு நிலைத்தவை அவர்கள் பெயர்கள்தாம். ஆனால் இந்நோயின் மிகப் பழைய விரிவான பதிவுகளில் ஒன்று பிள்ளைக்குப் பாலூட்டிய ஒரு தாயுடையது!

இது தற்செயல் அல்ல. கர்ப்பத்தில் அடங்கியிருக்கும் நோயெதிர்ப்பு, பிரசவத்துக்குப் பின் வேகமாகத் திரும்பும்போது சில பெண்களின் தைராய்டையே தாக்குகிறது. முதல் ஆண்டுக்குள் நூற்றுக்கு ஐந்து பேர் போல இந்தத் தைராய்டு அழற்சிக்கு ஆளாகிறார்கள். படபடப்பு, கை நடுக்கம், எடைக்குறைவு, எரிச்சல் எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரே பதில்: "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்." அந்தப் பதிலோடு நின்றுவிடாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

இந்த அழற்சியா, கிரேஸுக்கு வந்த கிரேவ்ஸ் நோயா என்று வகை பிரித்தறிவதுதான் முக்கியம். அழற்சியில் சுரப்பி புதிதாக அதிகம் உற்பத்தி செய்வதில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கான இருப்பு கசிந்து ரத்தத்தில் கலக்கிறது. குதிர் உடைந்து நெல் கொட்டும்போது விதைப்பை நிறுத்தி என்ன பயன்? உற்பத்தியைத் தடுக்கும் கார்பிமசோல் இங்கே உதவாது. படபடப்புக்குப் புரோப்ரனலால் தருவார்கள். பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். கிரேவ்ஸ் நோய் என்றால் கார்பிமசோல் தேவை. டி.எஸ்.எச். ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் பரிசோதனை இரண்டையும் பிரித்துக் காட்டும்.

இனி கேள்விக்கு வரலாம். சாப்பிடலாம். கார்பிமசோல் உடலில் மெத்திமசோலாக மாறுகிறது. மெத்திமசோல் நாளுக்கு 20 மில்லிகிராம் வரை பாலூட்டும் தாய்க்கு ஏற்றதென்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பால் கொடுத்து முடித்ததும் விழுங்குவது நல்லது. பயந்து பாலையோ மாத்திரையையோ தானாக நிறுத்தக் கூடாது. கதிரியக்க அயோடின் மட்டும் பாலூட்டும் காலத்தில் கூடவே கூடாது. அது மார்பகத்தில் சேர்ந்து பாலில் வரும்.

படபடப்பு அடங்கியதும் பலர் பரிசோதனையை நிறுத்திவிடுகிறார்கள். அழற்சியின் இரண்டாம் பாதி, சுரப்பு குறையும் கட்டம், அப்போதுதான் வருகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய அசதி, குளிர், முடி மாற்றத்துக்கு நியூசிலாந்து மருத்துவர் ராபர்ட்டன் தைராய்டுச் சாறு கொடுத்துப் பார்த்து 1948-இல் எழுதிய கட்டுரையோடு அது அடுத்த வாரம்.