பிதுங்கும் கண்களும் பிறரது அளவுகோலும்

தைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரக்கும் நோயாளரிடம் எவரது கவனத்தையும் முதலில் ஈர்ப்பது கண்கள் முன்தள்ளி நிற்பதுதான். 1835 இல் டப்ளின் நகர வைத்தியர் ரொபேர்ட் கிரேவ்ஸும் 1840 இல் ஜேர்மனியரான கார்ல் வொன் பேசிடோவும் கழுத்துக் கழலையையும் கண் பிதுக்கத்தையும் ஒரே நோயின் அறிகுறிகளாக விபரித்தனர். நோய் இன்றும் கிரேவ்ஸின் பெயராலேயே வழங்குகிறது. ஆனால், பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே பாரசீக மருத்துவ அறிஞர் அல் ஜுர்ஜானி இவ்விரண்டுக்குமுள்ள தொடர்பைக் குறித்து வைத்துவிட்டார் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திசைமாறித் தைரொயிட் சுரப்பியைத் தூண்டிவிடுவதால் இந்நோய் உண்டாகிறது. அதே கோளாறு கண்குழியினுள் உள்ள கொழுப்பையும் தசைகளையும் வீங்கச் செய்கிறது. எலும்பாலான அக்குழி விரிந்து கொடுக்காது. எனவே கண் முன்னோக்கித் தள்ளப்படுகிறது.

எவ்வளவு தள்ளப்பட்டால் அது நோய்? சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கண்குழியின் வெளிவிளிம்பு எலும்பிலிருந்து கருவிழியின் உச்சி வரையுள்ள தூரத்தை அளக்க, 1905 இல் ஹேர்ட்டல் என்பவர் அமைத்த கருவியின் வழிமுறையே இன்றும் பின்பற்றப்படுகிறது. அமெரிக்காவில் 1984 இல் வெளியான ஆய்வொன்றில், இந்நோயற்ற வெள்ளையின ஆண்களின் சராசரி 16.5 மில்லிமீற்றராகவும் கறுப்பின ஆண்களின் சராசரி 18.5 மில்லிமீற்றராகவும் இருந்தன. இயல்பின் மேல் எல்லை முறையே 21.7, 24.7 எனக் கணிக்கப்பட்டது. ஆசியருக்கு 18 மில்லிமீற்றரையே எல்லையாகக் கொள்வது வழக்கம். சீனரையும் எம்மவரையும் ஒரே சொல்லில் அடக்கும் இந்த எல்லையும் கரடுமுரடானதுதான்.

'இனம்' என்ற சொல் எமது நாட்டில் சுமந்து நிற்கும் பாரத்தை நாம் அறிவோம். இங்கு அது முக எலும்பமைப்பின் சராசரியை மட்டுமே குறிக்கிறது. ஒரே வீட்டுச் சகோதரர் இருவரது கண்களும்கூட ஒரே அளவில் அமைவதில்லை.

ஆயினும் அளவுகோல் பிழைத்தால் நோயாளிதான் பாதிக்கப்படுகிறார். இயல்பாக 14 மில்லிமீற்றரில் இருந்த ஒருவரது கண் 19 ஆகிவிட்டால், அது பெரும் மாற்றம். ஐரோப்பியருக்குரிய அட்டவணையோ அதனை இயல்பென்றே காட்டும். மாறாக, 22 என்ற அளவைக் கொண்ட ஆபிரிக்க வம்சாவளியினர் ஒருவர் நோயே இன்றி நோயாளியாகக் கருதப்படக்கூடும். இத்தகைய நிலையில் அட்டவணையைவிடப் பழைய புகைப்படமே நல்ல சாட்சி. எம்மவரில் பலர் எந்நேரமும் உடன் கொண்டு திரியப் பழகிவிட்ட அடையாள அட்டையின் படம்கூட இதற்கு உதவும்.

பிரித்தானியாவில் 1992 இல் வெளியான ஆய்வொன்று, கிரேவ்ஸ் நோயுற்ற ஐரோப்பியரில் 42 வீதமானோருக்குக் கண் பாதிப்பு இருந்ததாகவும் ஆசிய வம்சாவளியினரில் அது 7.7 வீதமே என்றும் கூறியது. இதைக் கண்டு எம்மவர் ஆறுதலடைவதற்கில்லை. வட இந்தியாவில் 235 நோயாளரை ஆராய்ந்து 2014 இல் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, 28 வீதமானோர் கண் பாதிப்புக்கு உள்ளாகியிருந்தனர். அவர்களுள் பெரும்பாலானோருக்குப் பாதிப்பு இலேசானது என்பதும் உண்மையே. இவ்விரு எண்களுக்கும் இடையிலான பெரும் இடைவெளிக்கு யார் எதனைப் பாதிப்பெனக் கணக்கிட்டார்கள் என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம் என்றே நாம் எண்ணுகிறோம். புகைப்பிடிப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதில் மட்டும் ஐயமில்லை. அது எந்த இனத்தவருக்கும் பொருந்தும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. கண் வெளியே தள்ளப்படும்போது உள்ளிருக்கும் அழுத்தம் ஓரளவு தணிகிறது. குழியின் பின்முனை ஒடுங்கியிருப்பவர்களிடம், கண் அதிகம் பிதுங்காமலேயே வீங்கிய தசைகள் பார்வை நரம்பை நெருக்கிவிடலாம். கண்ணாடியில் பார்த்தால் முகத்தில் பெரிய மாறுதல் எதுவும் தெரியாது. ஆனால் சிவப்பு நிறம் வெளிறித் தெரியும், பார்வை மங்கும், சிலருக்கு ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும். தைரொயிட் நோய்க்குச் சிகிச்சை பெறுவோர் இவற்றுள் எதனை உணர்ந்தாலும், கண் பிதுங்கவில்லையே என்று அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராது உடனடியாகக் கண் வைத்தியரை நாடவேண்டும். நெருக்குண்ட நரம்பு நெடுநாள் தாக்குப்பிடிக்காது.