பழைய லாரியின் மீட்டர்களும் புதிய இன்ஜினும்

பழைய லாரிகளைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கும் ஆசை இப்போது நம் பெங்களூர் அன்பர்கள் சிலருக்கும் வந்திருக்கிறது. இன்ஜினுக்கு ஜே.சி. ரோடு, இதர சாமானுக்கு சிவாஜிநகர் குஜரி என்று அலைந்து எல்லாம் சேர்த்துவிடுகிறார்கள். டாஷ்போர்டில் உள்ள பழைய மீட்டர்களை மட்டும் "ஒயரை மாட்டினா வேலை செய்யும்" என்று விட்டுவிடுகிறார்கள். வினையே அங்கேதான்.

இன்ஜின் மாற்றுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை சிம்ப்சன் கம்பெனி 1950களில் பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினைத் தயாரிக்கத் தொடங்கியபின், டாட்ஜ், ஃபார்கோ, செவர்லே என்று பெட்ரோல் குடித்துக்கொண்டிருந்த லாரிகள் பல டீசலுக்கு மாறின. அதற்கு வேண்டிய பம்பும் நாசிலும் செய்த மைக்கோ 1951இல் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலை நம்ம ஆடுகோடியில் இருந்தது. (2008 முதல் அதன் பெயர் பாஷ்.) ஆக, இந்தச் சிக்கலை அன்றைய மேஸ்திரிகள் தினமும் பார்த்தவர்கள்தான்.

அடிப்படை ஒன்றே. முள் இன்ஜினைப் பார்ப்பதில்லை. தனக்குச் செய்தி அனுப்பும் உறுப்பை மட்டுமே பார்க்கிறது. எந்தக் கூற்றும் ஒரு நோக்கில் மட்டுமே உண்மை என்று எங்கள் சமண நூலோர் சொல்லும் நயவாதம் இங்கே அப்படியே பொருந்தும். ஆகையால் மீட்டரின் முகத்தை மாற்றாமல், செய்தி அனுப்பும் உறுப்பை அந்த முகத்துக்கு ஏற்றதாகப் போடுவதே முறை.

ஆயில் பிரஷர் மீட்டரை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது வளைந்த பித்தளைக் குழாய்; பிரான்சு நாட்டு பூர்டோன் 1849இல் கண்டது. அழுத்தம் ஏறினால் வளைவு நிமிரும், முள் நகரும். 1950 வாக்கிலான செவர்லே லாரி மீட்டரில் 30 பவுண்டு வரைதான் குறி உண்டு. அந்த இன்ஜினுக்கு அது போதும். பிற்கால டீசல் இன்ஜினில் சாதாரணமாகவே 40, 50 பவுண்டு வரும். முள் கடைசியில் போய் முட்டி நிற்கும். "பிரஷர் அமோகம்" என்று டிரைவர் மகிழ்வார். அது 50லிருந்து 32க்கு இறங்கினாலும் முள் அசையாது. பேரிங் போனபிறகுதான் தெரியும். 60 பவுண்டு உள்பாகத்தைப் பொருத்தி, எண்களைப் பழைய எழுத்திலேயே திருத்தி எழுதுவது ஒன்றே வழி.

டீசல் மீட்டருக்கு இன்ஜின் மாறியதே தெரியாது. ஆனால் 6 வோல்ட் 12 ஆனது தெரியும். அதற்கு வோல்ட்டைக் குறைக்கும் சிறு உறுப்பு போடவேண்டும். அதைவிட முக்கியம் டாங்கிலுள்ள மிதவை யூனிட். பழைய செவர்லே மீட்டருக்குக் காலி டாங்க் என்றால் 0 ஓம், நிறைந்தால் 30 ஓம். இன்று கடையில் கிடைக்கும் சில யூனிட்டுகள் நேர் எதிர்: காலிக்கு 240, நிறைவுக்கு 33. இதை அதில் மாட்டினால் டாங்க் வறண்டாலும் முள் நிறைவிலேயே நிற்கும். டீசல் வண்டி வறண்டு நின்றால் ஊற்றிவிட்டுக் கிளம்ப முடியாது; லைனில் ஏறிய காற்றை எடுக்கவேண்டும். ராத்திரியில் ஓசூர் ரோட்டில் அது என்ன பாடு!

ஆம்பியர் மீட்டர் ஆபத்தானது. வண்டியின் மின்சாரம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் போகும். டைனமோ கொடுத்தது 30 ஆம்பியர் அளவே. ஆல்டர்னேட்டர் 60ம் தரும். முனை சூடேறி ஒயர் எரியும். பழைய முகத்தின் பின்னால் வோல்ட் மீட்டரைப் பொருத்திவிடுவதே என் கட்சி.

வேக மீட்டருக்குக் கணக்கு எளிது. அமெரிக்க மீட்டர்களில் கேபிள் 1 மைலுக்கு 1000 சுற்று. எனவே 16 மீட்டர் 9 சென்டிமீட்டர் தூரம் வண்டியைத் தள்ளி, கேபிள் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். சரியாக 10 வரவேண்டும். பன்னிரண்டரை வந்தால் 40இல் போகும்போது 50 காட்டும். ஐந்துக்கு நாலாகக் குறைக்கும் சின்னப் பல்சக்கரப் பெட்டி ஒன்றை லேத்துக்காரரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். பிரிட்டிஷ் ஸ்மித்ஸ் மீட்டரானால் சுற்றுக் கணக்கு முகப்பிலேயே சிறு எண்ணாக அச்சிட்டிருக்கும்.

சட்டமும் உண்டு. 2021இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வாகனத்துக்கு விண்டேஜ் பதிவு பெற, இன்ஜினும் சேசிஸும் பெரிதாக மாற்றப்படாதிருக்க வேண்டும். இன்ஜின் மாற்றியவர் அதை ஆர்.சி. புத்தகத்தில் முறையாக ஏற்றிக்கொள்வது அவசியம்.

கடைசியாக உஷ்ண மீட்டர். பழையதில் ஈதர் அடைத்த மெல்லிய குழாயும் நுனியில் பல்பும் இருக்கும். நீளம் அதிகமென்று வெட்டினால் கதை முடிந்தது, சுருட்டித்தான் வைக்கவேண்டும். பல்பு புதிய இன்ஜினின் துளையில் சேராது, பித்தளை அடாப்டர் கடையவேண்டும். பொருத்துமுன் கொதிநீரில் போட்டுப் பார்ப்பார்கள். முள் 212 ஃபாரன்ஹீட்டுக்கு வரவில்லை என்று நம்ம ஊரில் மீட்டரைத் திருகிவிடாதீர்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். இங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். முள் 206, 207இல் நின்றால் மீட்டர் சரியாகவே இருக்கிறது.